ஹார்ட் டிஸ்க்குக்குப் பொட்டு வைத்த கதை

"புரியவில்லை" என்று சொல்ல வெட்கப்படுகிறவன், புரிந்த மாதிரி தலையாட்டக் கற்றுக்கொள்கிறான். அந்த வித்தையில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு. ஒருமுறை சலூன்காரர் ஏதோ கேட்டார். மறுபடி கேட்கச் சொல்லக் கூச்சப்பட்டுத் தலையாட்டினேன். என் மீசைக்கு மட்டும் கறுப்பு டை அடித்துவிட்டார். தலை நரைத்திருக்க, மீசை மட்டும் மாப்பிள்ளை மாதிரி இருந்தது. அது வெளுக்கும்வரை முகக்கவசம் போட்டுக்கொண்டு திரிந்தேன். (கொரோனா போய் ரொம்ப நாளாகியிருந்தது. கேட்டவர்களிடம் சளி என்று சொல்லி வைத்தேன்.)

என் படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு கல்யாண வீடியோவுக்கு லைட் பிடிக்கப் போனேன். கூச்சக்காரனுக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது. எல்லோருக்கும் கண் கூசுவதால் லைட் பிடிப்பவன் முகத்தை யாரும் பார்க்க முடியாது. அப்படியே மெல்ல கேமராவைத் தொட்டு, கம்ப்யூட்டரைத் தொட்டு, பூந்தமல்லி கரையான்சாவடியில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ போட்டுவிட்டேன். கம்ப்யூட்டரில் எனக்கு எழுத்தைப் படிக்க வராது, இடத்தைப் படிப்பேன். மேலே இடது ஓரத்தில் தட்டினால் இது திறக்கும், கீழே மூலையில் தட்டினால் அது மூடும். கடை அலமாரியில் கடுகும் மிளகும் எங்கே இருக்கிறது என்று மளிகைக்காரருக்குத் தெரிவதில்லையா, அந்த மாதிரி.

கல்யாண வீடியோக்கள் வரவர யானை மாதிரிப் பெருத்துக்கொண்டே போயின. அவற்றைக் கட்டிப்போட, நான்கு ஹார்ட் டிஸ்க்குகளை ஒன்றாக வைக்கும் பெட்டி ஒன்றை வாங்கினேன். அதை மாட்டிக் கொடுத்தவர் முகப்பேர் ஃபிளாட்டில் இருக்கும் சங்கர் சார். திருநெல்வேலிக்காரர், ஐ.டி. கம்பெனியில் இந்த மாதிரிப் பெட்டிகளோடுதான் அவருக்கு வேலை. அவர் மகளின் முதல் பிறந்தநாளை நான் வீடியோ எடுத்ததில் பழக்கம்.

"அண்ணாச்சி, இதுக்கு ரெய்டுன்னு பேரு," என்று ஆரம்பித்தார். (வருமான வரிக்காரர்கள் ஞாபகம் வந்து நான் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டேன்.) "இத ரெண்டு விதமா வைக்கலாம். ஒண்ணு வேகம். படத்தைப் பிரிச்சு நாலு டிஸ்க்குலயும் பங்கு போட்டு எழுதும். நாலு பேரு சேந்து எழுதுறதால சட்டுன்னு முடிஞ்சிரும். ஆனா ஒருத்தன் படுத்துட்டாம்னு வைங்க, மத்த மூணு பேருகிட்ட இருக்கதும் குப்பதான். இன்னொண்ணு பத்திரம். ஒருத்தன் படுத்தாலும், அவங்கிட்ட என்ன இருந்துச்சுன்னு மத்த மூணு பேரும் சேந்து சொல்லிருவாங்க. ஆனா கொஞ்சம் மெதுவாத்தான் எழுதும். உங்களுக்கு எது வேணும்?"

தலையாட்டினேன்.

"பத்திரம்தான? நல்ல முடிவு," என்றார் அவராகவே.

பிறகு இன்னொரு இடத்தைக் காட்டினார். "இதை மட்டும் தொட்டுராதீங்க. தீவாளிக்கு முந்துன நாளு டெய்லர்கிட்ட போனா என்ன சொல்லுவான்? 'ரெடி சார், காஜா மட்டுந்தான் பாக்கி'ம்பான். துணியவே வெட்டிருக்க மாட்டான். இத ஆன் பண்ணுனா இந்தப் பெட்டியும் அந்த டெய்லர்தான். டிஸ்க்குல எழுதுறதுக்கு முன்னாடியே 'எழுதியாச்சு'ன்னு சொல்லிட்டு, அப்புறமா சாவகாசமா எழுதும். நடுவுல கரண்டு போச்சுன்னா, எழுதாதது எல்லாம் அம்போதான். அதனால ஆஃப்ல வச்சிருக்கேன். சரியா?"

அதற்கும் தலையாட்டினேன். இந்தமுறை நிஜமாகவே புரிந்திருந்தது. ஆனால் புரிந்ததற்கும் புரியாததற்கும் என் தலை ஒரே மாதிரிதான் ஆடும்.

பத்திரம் எனக்குச் சில மாதங்களிலேயே சலித்துவிட்டது. எடிட் செய்யும்போது மாப்பிள்ளை நின்று நின்று நடந்தார். போட்ட மாலை பெண்ணின் கழுத்துக்குப் போய்ச் சேராமல் அந்தரத்தில் தொங்கியது. ஒருநாள் மொபைலில் ஒரு பையனின் வீடியோவைப் பார்த்தேன். "ப்ரோ, இந்த ரெண்டு செட்டிங்க மாத்துங்க ப்ரோ, ராக்கெட்டு ப்ரோ!" என்று நாற்காலியில் துள்ளினான். அவன் தட்டிய இடங்களைப் பார்த்துவைத்துக்கொண்டு நானும் தட்டினேன். அதில் ஒன்று, சங்கர் சார் தொடக் கூடாது என்ற அதே டெய்லர் இடம். பெர்ஃபார்மன்ஸ், சேஃப்டி என்று இரண்டு வார்த்தைகளை அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். எனக்குத் தெரிந்து பெர்ஃபார்மன்ஸ் என்றால் டி.வி.யில் ஜோடியாக ஆடுவது; சேஃப்டி என்றால் புடவையில் குத்துகிற பின். ஆட்டம்தான் கவர்ச்சியாக இருந்தது. வேலைகளையெல்லாம் முடித்துக் கொடுத்து, பெட்டியில் ஒன்றும் இல்லாத நேரம் அது. காலி செய்யட்டுமா என்று பெட்டி கேட்கும் என அவன் சொன்ன கட்டம் வந்து நின்றது. மனிதர்களுக்குத் தலையாட்டுகிறவன் பெட்டிக்கு மட்டும் ஆட்டமாட்டேனா?

அதன்பிறகு பெட்டி பறந்தது. மாப்பிள்ளை ஓடினார். நான் கால்மேல் கால் போட்டு எடிட் செய்தேன். சங்கர் சாரிடம் மட்டும் சொல்லவில்லை. அவர் மனம் வருத்தப்படுமே என்ற நல்லெண்ணம். (சும்மா சொல்கிறேன். பயம்.)

புரட்டாசி வந்தது. அந்த மாதத்தில் எங்கள் ஆட்கள் கல்யாணம் வைக்கமாட்டார்கள். அப்போது என் ஸ்டுடியோவில் விளக்கெரிய வைப்பவர்கள் பூந்தமல்லி பாய் வீட்டுக்காரர்கள்தான். அந்த வருடம் ஹனீஃப் பாய் மகள் ரிஸ்வானாவுக்குக் குத்தம்பாக்கம் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாணம். பாய் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். கடையில் இருக்கும் ஆணிகள் அவரைவிடக் கொஞ்சம் இளகினவை என்று கடைத்தெருவில் சொல்வார்கள். அப்படிப்பட்டவர், பெண்ணைக் காரில் ஏற்றி அனுப்பும்போது, பூ சுற்றிய கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். நான் கிட்டத்தில் நின்று எடுத்தேன். கை ஆடாமல், ஃபோகஸ் போகாமல், என் வாழ்நாளில் எடுத்த நல்ல காட்சிகளில் ஒன்று.

மறுநாளே ரிஸ்வானா போன் செய்தாள். "அங்கிள், ஃபுல் வீடியோ மெதுவா குடுங்க. அத்தா அழுத எடம் மட்டும் நான் மஸ்கட் கெளம்புறதுக்குள்ள வேணும். அடுத்த வாரம் ஃப்ளைட்டு. மறந்துடாதீங்க."

போனில் தலையாட்டினேன். பிறகு ஞாபகம் வந்து "சரிம்மா" என்றேன்.

அதற்கடுத்த நாள் ஆயுத பூஜை. கேமராவின் கடைசி மெமரி கார்டை, அதாவது பாய் அழுத கார்டை, பெட்டிக்குள் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி கலா, சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாகக் கடைக்குள் வந்து நின்றாள்.

"யோவ், இன்னும் இன்னா பண்ணிகினு கீற? ராகு காலம் வந்துடப் போவுது!"

"இதோ முடிஞ்சிடுச்சு."

திரையில் பச்சைக் கோடு கடைசிவரை ஓடி மறைந்தது. எழுதியாச்சு. பெட்டியின் விளக்கு மட்டும் மினுக் மினுக்கென்று அடித்துக்கொண்டேயிருந்தது. பூஜை நாளாயிற்றே, அதற்கும் ஒரு சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினேன்.

பெட்டியின் தலையில் பொட்டு வைக்கப் போனேன். கலா தடுத்தாள். "உள்ள கீற டிஸ்க்குதானே ஆயுதம்? ஒறையோட கத்திக்குப் பொட்டு வெப்பியா?"

யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக உருவி, துணியால் துடைத்து, அவள் கையில் கொடுத்தேன். அவள் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, பொரி கடலைக்குப் பக்கத்தில் வரிசையாகச் சாய்த்து வைத்தாள். பார்க்க நான்கு பேரும் நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பின மாதிரி இருந்தார்கள்.

"அந்தச் சின்னக் கார்டையும் சுத்தம் பண்ணி வெய்யி," என்றாள்.

செய்தேன். வெளியே துணியால் துடைத்தேன். உள்ளே ஃபார்மட் போட்டுத் துடைத்தேன். பெட்டிதான் எழுதியாச்சு என்று சொல்லிவிட்டதே! பிறந்த குழந்தை மாதிரிச் சுத்தமாக இருந்த அந்தக் கார்டைத் தூக்கிக்கொண்டு, மறுநாள் விஜயதசமிக்கு முகப்பேரில் ஒரு மழலையர் பள்ளிக்குப் போய், குழந்தைகள் அரிசியில் 'அ' எழுதுவதைக் கார்டு நிரம்ப எடுத்துக்கொண்டு வந்தேன்.

கடைக்குத் திரும்பி, கற்பூரம் காட்டி, டிஸ்க்குகளைப் பெட்டிக்குள் சொருகி, சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டரில் பெட்டி இருந்த இடத்தில் பெட்டி இல்லை. எழுத்தைப் படிப்பவனாக இருந்தால் என்ன கோளாறு என்று படித்திருப்பேன். இடத்தைப் படிப்பவனுக்கு இடமே காணாமல் போய்விட்டால் எதைப் படிப்பது?

சங்கர் சாருக்குப் போன் செய்தேன். அவர் தன் மகளைப் பைக்கில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு வந்தார். பெட்டியைத் திறந்து, ஒரு டிஸ்க்கை உருவி, கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அண்ணாச்சி, இது என்ன?"

"சந்தனம் சார்."

"அது தெரியுது."

நான்கையும் உருவி மேஜைமேல் வைத்தார். "இந்தப் பெட்டிக்கு வரிசை முக்கியம். எது முதல்ல இருந்துச்சு, எது ரெண்டாவது?"

தலையாட்ட வழியில்லாத கேள்வி. கலாதான் முன்னால் வந்தாள்.

"நான் சொல்றேன் சார். மேலருந்து ஒண்ணு ஒண்ணா இவரு எடுத்துக் குடுத்தாரு, நான் பொட்டு வெச்சேன். மொதல்ல சந்தனம் நெறைய இருந்துச்சா, பெருசா வெச்சேன். போவப் போவ தீந்துகினே வந்துச்சு. கடசியா வந்ததுக்குக் குங்குமம் மட்டும்தான். பாருங்க."

சங்கர் சார் பார்த்தார். பெரிய பொட்டு மேலே, அடுத்தது அதற்குக் கீழே, சந்தனமே இல்லாதது கடைசியில் என்று சொருகினார். விளக்குகள் பச்சையாயின. திரையில் என் கல்யாணங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"எத்தனயோ பெட்டி பாத்துருக்கேன்," என்றார் அவர். "பொட்டு சைஸ் பாத்து ரெய்டு சேத்தது இன்னைக்குத்தான். ஆபீஸ்ல சொன்னா நம்பமாட்டாங்க."

எல்லாம் வந்துவிட்டது, ஒன்றைத் தவிர. ரிஸ்வானா கல்யாணத்தின் கடைசி கார்டு. பெயர் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. சங்கர் சார் செட்டிங்கைத் திறந்து பார்த்தார். அவர் முகம் மாறியது.

"அண்ணாச்சி, இதெல்லாம் யாரு மாத்துனா?"

தலையாட்டினேன்.

"ஆட்டாதீங்க. யாருன்னு கேக்கேன்."

துள்ளிய பையனைப் பற்றிச் சொன்னேன். பச்சைக் கோட்டைப் பற்றியும், சந்தோஷமாக மினுக்கிய விளக்கைப் பற்றியும் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அது சந்தோஷம் இல்ல அண்ணாச்சி, டெய்லரு அப்பதான் துணிய வெட்டிக்கிட்டு இருந்தான். நீங்க கத்திரியப் புடுங்கிட்டீங்க. சரி, கார்டு எங்க?"

கார்டைக் கொடுத்தேன். அழிந்ததைத் தோண்டி எடுக்கும் ஏதோ ஒன்றை ஓட்டிப் பார்த்தார். பாய் அழுத இடத்தில், அரிசித் தட்டுக்கு முன்னால் ஒரு வகுப்பு நிறையக் குழந்தைகள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள்.

இனி பாயிடம் சொல்லியாக வேண்டும். அவர் கடைக்குப் போனேன். கல்லாவில் உட்கார்ந்தபடி நிமிர்ந்து பார்த்தார். "இன்னா ஓணும்?" என்றார். "கீல்" என்றேன். ஒரு ஜோடி கீலோடு வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் மறுபடி போய்த் தாழ்ப்பாள் வாங்கி வந்தேன். மறுநாள் காலை ஒரு குழாய், ஒரு பிரஷ். மத்தியானம் போனபோது பாயே கேட்டுவிட்டார்.

"இன்னாப்பா ஏழுமல, ஊடு கட்றியா?"

அதற்குமேல் தாங்கவில்லை. கீலிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாய் அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அயுதேனா? நானா? கண்ல தூசி பட்ருக்கும். பூடுச்சா? போவட்டும் உடு. டீ சாப்டுறியா?" ஆதாரம் அழிந்த குற்றவாளியின் மலர்ச்சி அவர் முகத்தில்.

கடைக்கு மேலேதான் வீடு. விருந்துக்கு வந்திருந்த ரிஸ்வானா படியிறங்கி வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அங்கிள், நான் ஸ்கூல்ல ஃபர்ஸ்ட் வந்தப்போ இவரு 'சரி'ன்னாரு. காலேஜ் முடிச்சேன், 'சரி'ன்னாரு. மாப்ள புடிச்சிருக்குன்னு சொன்னேன், அதுக்கும் 'சரி'தான். எனக்காக 'சரி'க்கு மேல இவரு பண்ணது அந்த அழுகை ஒண்ணுதான். அதத்தான் மஸ்கட்டுக்கு எடுத்துகினு போலாம்னு இருந்தேன்."

பாய் ஒரு ஆணியை எடுத்து வளைந்திருக்கிறதா என்று உற்றுப் பார்த்தார். ஆணி நேராகத்தான் இருந்தது.

அப்போதுதான், யாரும் கேட்காமல் நானாக வாய் திறந்தேன். "திரும்ப எடுத்துடலாம்."

"இன்னாத்த?" என்றார் பாய். "அயுகையவா?"

"ஆமா," என்றாள் ரிஸ்வானா. "திரும்ப அழுங்க அத்தா."

மறுநாள் காலை பாய் வீட்டு வாசலில் படப்பிடிப்பு. ரிஸ்வானா கல்யாண உடையில் வந்தாள். மாப்பிள்ளை காரைக் கொண்டுவந்து நிறுத்தி, அன்று உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்துகொண்டார். ரொம்ப நல்ல பையன். மாமனார் அழுவதற்காகக் கல்யாணக் கோட்டுக்கு இரண்டாவது தடவை பட்டன் போட்டுக்கொண்டு வந்தவன். தெருவே கூடிவிட்டது. கூடியவர்கள் எல்லோரும் டைரக்டர்கள்.

பாய் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுருக்கினார். பல்வலி மாதிரி இருந்தது. மறுபடி முயன்றார். தும்மல் வராமல் தவிக்கிற மாதிரி இருந்தது.

"பாய், உங்க கடை எரிஞ்சி போற மாரி நெனச்சிக்கோங்க!" என்று ஒருவர் யோசனை சொன்னார்.

"வாய கய்வுய்யா!" என்றார் பாய்.

யாரோ வெங்காயம் நறுக்கி எடுத்துவந்தார்கள். பாய் அதை முகர்ந்துவிட்டு, "நல்ல வெங்காயம்," என்றார். பாயின் மனைவி மாடியிலிருந்து குரல் கொடுத்தார்: "அந்த மனுசன் பெயின்ட்டு வாசனையிலயே பொறந்து வளந்தவரு, வெங்காயம் இன்னா பண்ணும்?" தெரு சிரித்தது. ரிஸ்வானாவும் சிரித்தாள். ஆனால் கண் சிரிக்கவில்லை.

"ஆவாது. வுடு ஏழுமல," என்று பாய் கதவை விட்டார். மாப்பிள்ளை காரை ஓரங்கட்டுவதற்காக மெல்ல நகர்த்தினார். கேமராவை நிறுத்த எனக்குத் தோன்றவில்லை. கை தானாகப் பின்தொடர்ந்தது.

கார் நாலு வீடு தாண்டவில்லை. பாய் திடீரென்று வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார். நானும் கேமராவோடு பின்னாலேயே ஓடினேன். கண்ணாடியைத் தட்டினார். ரிஸ்வானா இறக்கினாள். பாய் உள்ளே கையை விட்டு, ஏ.சி. காற்று வரும் இடத்தை அந்தப் பக்கமாகத் திருப்பினார்.

"மூஞ்சிக்கு நேரா வெச்சிக்காதம்மா. ஒனக்கு ஒத்துக்காது. கொயந்தையிலேருந்தே சளி நெஞ்சுல எறங்கிடும் ஒனக்கு. அங்க யாரு கீறாங்க, தைலம் தேச்சி உட?"

அவர் அழவில்லை. முகம் எப்போதும் போல ஆணி டப்பா மாதிரித்தான் இருந்தது. ரிஸ்வானா அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். யாரோ கேவிக் கேவி அழுகிற சத்தம் கேட்டது. கெட்டி மாவில் கிரைண்டர் சிக்கிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். யாரடா இவ்வளவு அசிங்கமாக அழுவது என்று எரிச்சலாகத் திரும்பிப் பார்த்தேன். கூட்டமெல்லாம் பாய் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தது. பின்னால் ஒருவரும் இல்லை.

படம் குலுங்கியது. பாய் திரும்பி நேராக கேமராவைப் பார்த்தார். "யோவ், நீ இன்னாத்துக்குய்யா அயுவுற? கேமராவ ஒய்ங்கா புடி!"

எல்லாமே பதிவாகிவிட்டது. கடையில் உட்கார்ந்து என் சத்தத்தை மட்டும் எடுத்துவிட எவ்வளவோ பார்த்தேன். பாயின் பேச்சோடு அது பின்னிக் கிடந்தது. என்னை வெட்டினால் தைலமும் போய்விடும். ரிஸ்வானாவிடம் சொன்னேன். "ஒரு செகண்ட் கூட கட் பண்ணக் கூடாது அங்கிள்," என்றாள். அப்படியே மஸ்கட்டுக்குக் கொண்டுபோனாள்.

சங்கர் சார் இந்தத் தடவை என் தலையை நம்பவில்லை. பெட்டியைப் பழையபடி பத்திரத்துக்கு மாற்றி, டெய்லர் செட்டிங்கை அணைத்து, அந்தக் காட்சியை என் பெட்டியில் ஒன்று, தனி டிஸ்க்கில் ஒன்று, அவர் ஃபிளாட்டில் ஒன்று என்று வைத்துவிட்டார். என் கடை எரியலாம், செம்பரம்பாக்கம் ஏரி உடைந்து பூந்தமல்லியே மிதக்கலாம். நான் அழுத அழுகைக்கு மட்டும் ஒரு சேதமும் வராது. மாப்பிள்ளைகள் மறுபடி நின்று நின்று நடக்கிறார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் நான் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன். டீ நன்றாகத்தான் இருக்கிறது.

பாய் வீட்டில் பெருநாளுக்கு யார் வந்தாலும் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுகிறார்கள். லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் ரிஸ்வானாவின் குழந்தை என்னைப் பார்த்தால் கண்ணைக் கசக்கி ஊவென்று அழுது காட்டுகிறது. போன மாதம் பாய் தன் இரண்டாவது மகள் கல்யாணப் பத்திரிகையோடு கடைக்கு வந்தார். எத்தனை கேமரா வைக்கலாம், யார் யாரைக் கூப்பிடலாம் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தேன். பத்திரிகையை என் கையில் கொடுத்துவிட்டுத் தோளில் தட்டினார்.

"கேமராவுக்கு வேற ஆளு பேசிட்டேன் ஏழுமல. நீ அயுவுறதுக்கு மட்டும் வா."